அறுத்த தேதி

சிங்கப்பூரின் ஜூரோங்கில் உறைந்த இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் பெர்மிட் பார்ப்பது என் வேலை. 2025 மே 16, வெள்ளிக்கிழமை. பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தில் மொண்டெநெக்ரோ என்ற ஊர்ப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அந்த நாட்டின் வணிகக் கோழிப்பண்ணைக்குள் அது நுழைந்தது அதுதான் முதல் முறை. எங்கள் கொள்கலன்கள் இரண்டு அப்போது நடுக்கடலில் இருந்தன.

சிங்கப்பூரில் சாப்பிடும் கோழியில் ஏறக்குறைய பாதி பிரேசிலிலிருந்து வருகிறது. அன்று மாலை தொலைபேசி ஓயவில்லை. சிராங்கூன் சாலையில் கேட்டரிங் நடத்தும் அக்கா ஒருவர், "தம்பி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானூறு பேருக்குப் பிரியாணி ஒத்துக்கிட்டேன். கோழி வருமா, வராதா?" என்று கேட்டார். பெருநாள் ஜூன் 7. "திங்கட்கிழமை சொல்றேன்க்கா" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

2004 ஆகஸ்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியக் கோழி, முட்டை எல்லாம் மொத்தமாக நின்றன. தேக்கா சந்தையில் கோழிக்கடைகள் வெறிச்சோடிக் கிடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இந்த முறை அப்படி இல்லை. சிங்கப்பூர் உணவு அமைப்பு பிரேசில் முழுவதையும் தடுக்கவில்லை, நோய் கண்ட பகுதிக்கு மட்டும் தடை. கேட்டதும் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். எனக்குக் கவலை கூடியது. ஒரு நாட்டையே தடுத்தால் காவல் சுலபம், பிரேசில் என்று எழுதியிருந்தால் திருப்பிவிடலாம். ஒரு வட்டாரத்தை மட்டும் தடுத்தால், எந்த ஆலை, எந்தத் தேதியில் அறுத்தது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பதில் வேண்டும். அந்தப் பதில் காகிதத்தில்தான் இருக்கிறது. கோழியைப் பார்த்தால் தெரியாது.

உறைய வைத்த கோழிதானே என்று பலர் கேட்டார்கள். குளிரில் இந்தக் கிருமி சாவதில்லை, பத்திரமாகத்தான் இருக்கும். 70 டிகிரிக்கு மேல் நன்றாக வேகவைத்தால்தான் அழியும். சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூரிலேயே லிம் சூ காங் பகுதியில் முட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. அங்கே ஒரு முறை நுழைந்துவிட்டால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் நான் இந்த வேலையைப் பார்க்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்தில்தான் இருந்தேன். முதல் கொள்கலன் பரானா மாநில ஆலையிலிருந்து வந்தது, அது ஒரு மணி நேர வேலை. இரண்டாவதுதான் நோய் கண்ட அதே மாநிலம். ஆலை இருக்கும் ஊரை வரைபடத்தில் தேடினேன், தடைப் பகுதிக்கு வெகுதூரத்தில் இருந்தது. சுகாதாரச் சான்றிதழில் அறுத்த தேதி ஏப்ரல் 7 முதல் 11 வரை. பிரேசில் அரசு கால்நடை மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, ஆலை எண், கொள்கலன் சீல் எண் எல்லாம் பொருந்தின. திங்கட்கிழமை அக்காவிடம், "வரும்க்கா, ஆனா திறந்து பார்க்கிற வரைக்கும் உறுதி இல்லை" என்றேன்.

ஜூன் 3 அன்று எங்கள் குளிர்கிடங்கில் அதிகாரிகள் முன்னிலையில் சீல் உடைத்தோம். முதல் சில அடுக்குகள் சரியாக இருந்தன. அப்புறம் ஒரு பெட்டியின் லேபிளில் ஏப்ரல் 22 என்று இருந்தது. தேடத் தேட அதே தேதியில் 38 பெட்டிகள் கிடைத்தன. சான்றிதழில் அந்தத் தேதி இல்லை.

அனுப்பிய நிறுவனத்துக்கு அன்றிரவே எழுதினேன். லேபிள் அடிப்பதில் வந்த பிழை, கடிதம் தருகிறோம் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். "கடிதம் போதாதுண்ணே, அரசாங்க மருத்துவர் புதுச் சான்றிதழ் கொடுத்தாத்தான் செல்லும்" என்றேன். வேறு மாதத்தில் இப்படி நடந்திருந்தால் நான் கொஞ்சம் நம்பிக்கையோடு காத்திருப்பேன். அந்த நேரத்தில் அந்த 38 பெட்டிகளுக்காக ஒரு சொல்லைக்கூட வளைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. முதலாளி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, தனியா வை" என்றார். அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அந்தப் பெட்டிகளைச் சிவப்பு நாடா சுற்றித் தனி மூலையில் வைத்தோம். மீதி ஜூன் 5 அன்று விடுவிக்கப்பட்டது. அக்காவின் கோழி அன்று மாலையே லாரியில் ஏறியது.

புதுச் சான்றிதழ் வரவே இல்லை. ஜூன் 18 அன்று, 28 நாள் புதிய நோய்த்தொற்று இல்லை என்று பிரேசில் தன்னை நோயற்ற நாடாக அறிவித்தது. எங்கள் 38 பெட்டிகளின் குறை நோய் பற்றியதல்ல, அத்தாட்சி இல்லாததுதான். அதனால் அந்த அறிவிப்பால் அவற்றுக்குப் பயன் இல்லை. எங்கள் செலவிலேயே அழித்தோம். ஒவ்வொரு பெட்டியாக எண்ணி நான்தான் கையெழுத்துப் போட்டேன். நல்ல கோழியாகவே இருந்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போதெல்லாம் சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன்பே ஒவ்வொரு அடுக்கின் லேபிள் படத்தையும் அனுப்பும்படி ஏற்றுமதி நிறுவனங்களிடம் சொல்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். படம் வராமல் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதில்லை என்று சொன்ன பிறகு அனுப்புகிறார்கள்.