தண்டவாளம் நீளுமா?

வெயிலில் தண்டவாளம் நீளும் என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று நம்ப மாட்டார்கள், அதனால் முதலில் இறுகிப்போன ஊறுகாய் பாட்டிலின் தகர மூடியில் வெந்நீர் ஊற்றித் திறந்து காட்டுங்கள், சூட்டில் மூடி விரிவதால்தான் கழன்று வருகிறது, தண்டவாளமும் அப்படித்தான். அப்புறம் கணக்கு. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், கொஞ்சம் கூடுதலாக நீளும். சரி, 1 கிலோமீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால்? கிட்டத்தட்ட அரை மீட்டர்! பிள்ளைகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கண்கள் விரிவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

பழைய பாதைகளில் இதற்காகவே இணைப்புகளில் இடைவெளி விட்டார்கள், அந்தத் தடக் தடக் சத்தம் அங்கிருந்துதான். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களை அடியில் குறுக்கே போட்ட கான்கிரீட் கட்டைகளும் (ஸ்லீப்பர்) ஜல்லியும் நகரவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, நீள இடமில்லாத எஃகுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிடி தளர்ந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதனால்தான் கொளுத்தும் வெயிலிலும் ரயில்வே ஊழியர்கள் பாதை நெடுக நடந்து பார்க்கிறார்கள்.