மேக்கால கறுக்குது

செப்டம்பர் 11
ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு டாடா ஏஸ் நிறையக் கடலைக்கொடி வந்து இறங்கியது. கடலை ஆய்ந்த கையோடு ஏற்றிவிட்டார்கள் போல. பச்சை வாடை போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் விச்சூர், வெள்ளிவாயல் மேய்ச்சலெல்லாம் தண்ணீரில் கிடக்கும். பூண்டி ஏரி நிரம்பிக் கொசஸ்தலை ஆற்றில் திறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மணலி புதுநகரே மூழ்கியது. மேய்ச்சல் மூழ்கும் நாட்களில் செம்மறிகளுக்கு இந்தக் கொடிதான் சோறு.

செப்டம்பர் 12
காலையில் களத்தில் பரப்பினோம். மண்டையைப் பிளக்கும் வெயில். மதியம் எண்ணூர் பக்கமிருந்து கடல்காற்று ஏறியதும் கொடி காய்வது மந்தமாகிவிட்டது. நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்தார்: "தம்பி, மேக்கால கறுத்துக்கினு வருது, கொடிய வாரு!" இந்த மாதத்து மழை அப்படித்தான். பகல் சூட்டில் அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் மேகம் திரளும். பொழுது சாய நம் தலையில் கொட்டும். அரைகுறையாக வாரித் தார்ப்பாய் போட்டோம்.

செப்டம்பர் 13
தார்ப்பாயை விலக்கிக் குவியலுக்குள் கைவிட்டால் சூடு பொறுக்கவில்லை. ஈரக்கொடி புழுங்கினால் பூசணம்தான். அதைத் தின்று சினை ஆடு கரு கலைந்து குட்டி வீசினால் யார் பொறுப்பு? எல்லாவற்றையும் உதறிக் கொட்டகைக்குள் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டோம். வெயிலில் முறுகக் காய்வதும் நல்லதில்லை, தொட்டாலே இலை நொறுங்கிக் கொட்டும். சத்தெல்லாம் இலையில்தான். வெறும் தண்டை ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். நாள் கூடப் பிடித்தாலும் எனக்கு நிழலில் காயவைப்பதுதான் சரி.

செப்டம்பர் 15
மூட்டம். வண்டிக்காரர் அடுத்த லோடு வேண்டுமா என்றார். வயலிலேயே ஒரு நாள் காயவிட்டு ஏற்றினால் பார்க்கலாம் என்றேன். மண்ணுக்கும் ஈரத்துக்கும் காசு தருவானேன்? புரட்டாசி பிறக்கப் போகிறது, கிடா கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். தீபாவளி வரை கைத்தீனிச் செலவு.

செப்டம்பர் 18
தண்டை முறுக்கினால் படக்கென்று ஒடிகிறது. பரணில் ஏற்றியாச்சு, அடுக்குக்கு இடையில் கல்லுப்பும் தூவியாச்சு. ஆட்டைத் திடீரெனச் சாய்க்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியும் இன்றே முடிந்தது. மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வெறும் வயிற்றில் வாரி மேய்ந்தால், நேற்றுவரை துள்ளிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும். ஊசி போட்டாலும், இனி காலையில் கொடி தின்ற பிறகே பட்டியைத் திறப்பது. களத்தில் உதிர்ந்த இலையைக் கூட்டிச் சாக்கில் கட்டினேன். தவிட்டோடு கலந்து பால்மறந்த குட்டிகளுக்கு.