புல்மோட்டை மணலும் பற்பசையும்

பற்பசைக்கு வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது என்று தரம் 6 படிக்கும் மகளிடம் கேட்டேன். "வெள்ளையாகத்தானே அப்பா செய்வார்கள்" என்றாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாப் பொருளும் கடையிலேயே விளைகிறது!

குழாயின் பின்புறத்துப் பொடி எழுத்தில் சி.ஐ. 77891 என்பதைத் தேடிப் பிடிக்கச் சொன்னேன். டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளை நிறமி அது. சுவர்ப் பூச்சிலும் அதுதான். அதன் மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைட். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கறுப்பு மணல். (உச்சி வெயிலில் வெறுங்காலோடு மிதித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.)

மணலை அள்ளிக் கழுவி, காந்தத்தால் பிரிக்கிறார்கள். பிரித்த இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கினால் வெள்ளை கிடைக்கும். கழிவாக இரும்பு சல்பேட் மிஞ்சும். நம்முடைய மணலோ பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. எனக்கு அதில் எரிச்சல்தான்.

மகளுக்கு வேறு கவலை. "அள்ளிய இடத்துக்கு மணல் திரும்பி வருமா?" மலைப்பாறை தேய்ந்து, ஆறும் கடலும் சுமந்து வந்து சேர்த்த மணல், அள்ளும் வேகத்தில் எங்கே வரும் என்றேன்.

அடுத்தது உப்பு. ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி உப்பளத்துக்குப் போகிறோம். பிள்ளைகளோடு வர விரும்புபவர்கள் சொல்லுங்கள்.