பேக்கப்பில் ஓமந்தை வரைக்கும்தான் ரயில்

கிளிநொச்சியில் ரயில் பாதை காணாமற்போவது புதிய விசயம் இல்லை. ஆனால் போன மாதம் காணாமற்போனது என் தங்கச்சியின் மகன் போட்ட பாதை. வவுனியாவில் தொடங்கி தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை என்று ஒவ்வொரு ஸ்டேசனாக ‘ட்ரெயின்ஸ்’ கேமுக்குள் கட்டி வைத்திருந்தான். 2001இல் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த கேம் அது. ரயிலை ஓட்டுவது அதில் பாதி வேலைதான். நிலத்தைப் போட்டு, தண்டவாளம் இழுத்து, சிக்னல் நட்டு, மரம் வைத்து ஊரையே உண்டாக்குவது மற்றப் பாதி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பெடியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தியாவிலும் எங்கள் நாட்டிலும் அகலப்பாதை ஒன்றுதான், 1,676 மில்லிமீற்றர். அதனால் இந்தியப் பெடியள் செய்து போட்ட எஞ்சின்களை இறக்கி எங்கள் பாதையில் விட்டுவிட்டான்.

ஆலோசகர் எங்கள் அப்பா. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், தொண்ணூறில் போரால் நிற்கும்வரை ஓடிய யாழ்தேவி ரயிலில் போய்வந்தவர். பேரன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, “இந்த வளைவு இவ்வளவு இல்லையடா”, “உதிலை ஒரு குளம் தெரியவேணும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். முறிகண்டியில் மட்டும் இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஏ9 வீதியில் போகிற வாகனம் எல்லாம் பிள்ளையாருக்கு நின்றுதான் போகும், ரயில் மட்டும் என்ன கொம்பா என்பது அப்பாவின் கட்சி. “அம்மப்பா, இது எக்ஸ்பிரஸ்” என்பான் அவன். “எக்ஸ்பிரஸ்காரனுக்குத்தான் பிள்ளையார் கூட வேணும்” என்பார்.

இப்படி இருக்கும்போது கொம்பியூட்டர் இழுபட ஆரம்பித்தது. தங்கச்சி அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னாள். கடைக்காரப் பெடியனும் பொறுப்பானவன். டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் போர்மட் பண்ணினான். ஆனால் ட்ரெயின்ஸ் தன் சாமான்களை அங்கேயெல்லாம் வைப்பதில்லை. சி டிரைவுக்குள் ‘ஆப்டேட்டா’ என்று ஒரு போல்டர், அது சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதற்குள் இன்னும் நாலு வாசல் தாண்டினால்தான் பாதை கிடக்கும். கடைக்காரனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மருமகனுக்குத் தெரியும். அவன் அந்த நேரம் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தான்.

கொம்பியூட்டர் வீட்டுக்கு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. தங்கச்சி பதறிப்போய் வவுனியாவில் இருக்கிற பெரியக்காவுக்குப் போன் எடுத்தாள். “அக்கா, தம்பியின்ர கிளிநொச்சி ஸ்டேசன் முழுக்க அழிஞ்சு போச்சு. பரந்தனும் இல்லை, ஆனையிறவும் இல்லை.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பேந்து, “ஐயோ, சனத்துக்கு ஒண்டும் இல்லையோ?” என்று அக்கா அழத் தொடங்கிவிட்டார். அத்தான் ரேடியோவைப் போட்டு, செய்தி முடியும் வரைக்கும் கேட்டாராம். எங்கள் பக்கத்துச் சனத்தோடு இப்படிக் கதைக்கக் கூடாது.

“பேக்கப் எடுத்து வைச்சிருக்கிறியோ?” என்று கேட்டேன். “நிறைய இருக்கு மாமா” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நிறைய இருந்தது உண்மை. எது எங்கே இருக்கிறது என்பதும், உள்ளே என்ன இருக்கிறது என்பதும் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பென்டிரைவில் சின்ன மாமியின் மகளுடைய சாமத்திய வீட்டு வீடியோ. இன்னொன்றில் ‘பைனல்’, ‘பைனல் புது’, ‘இதுதான் பைனல்’, ‘பைனல் தொடவேண்டாம்’ என்று வரிசையாகப் போல்டர்கள். ‘தொடவேண்டாம்’ திறந்தால் காலி. அதையாவது தொட்டிருக்கலாம்.

பழைய போனின் மெமரி கார்ட்டில் முதல் பைல் அகப்பட்டது. ட்ரெயின்ஸில் சேமித்ததை வெளியே எடுத்து வைக்கும் பைலுக்குச் சி.டி.பி. என்று பெயர். அதை உள்ளே இழுத்ததும் பெடியன் கத்தினான். சந்தோசத்தில் இல்லை. அந்தக் கேமில் பாதை ஒரு பொருள். அதில் எந்த ரயில் எங்கே நிற்கும், யார் ஓட்டுவது, எப்போது புறப்படும் என்கிற ‘செசன்’ தனியான இன்னொரு பொருள். இவன் அந்தக் கார்ட்டில் செசனை மட்டும் எடுத்து வைத்திருக்கிறான். ஆக, ரயில்கள் இருக்கின்றன, சாரதிகள் இருக்கிறார்கள், நேரசூசிகூட இருக்கிறது, தண்டவாளம் இல்லை.

அப்பா திண்ணையில் இருந்து கேட்டார், “ரயில் இருக்கோ?”

“இருக்கு அம்மப்பா. ரோட்தான் இல்லை.”

“பரவாயில்லை. தொண்ணூறுக்குப் பிறகு எங்களுக்கு ரெண்டும் இல்லை. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குள்ளதான் கிடந்தது.”

இரண்டாவது மாங்குளத்தில் இருந்து வந்தது. கூடப் படித்த பெடியன் ஒருவன் இவனிடம் முந்தி வாங்கி வைத்திருந்த பிரதி. பாதைதான், சந்தேகமில்லை. உள்ளே போட்டால் வவுனியா இருக்கிறது, தாண்டிக்குளம் இருக்கிறது, ஓமந்தை வருகிறது, அதோடு முடிந்தது. தண்டவாளம் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அவன் வேலையை ஓமந்தை வரைக்கும் முடித்திருந்த காலத்துப் பிரதி அது. தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். அப்பா எழும்பி வந்து திரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும்.

“உண்மையான ரயிலும் 2011இல ஓமந்தை வரைக்கும்தான் வந்தது. கிளிநொச்சிக்கு வர 2013 செப்டெம்பர் ஆச்சு. பளைக்கு அடுத்த மார்ச், யாழ்ப்பாணத்துக்கு ஒக்டோபர். நாங்கள் பொறுக்கேல்லையோ? நீ ஏன் துள்ளுறாய்?”

அவருக்கு உறுத்தியது வேறு விசயம். “காடு எங்கை?”

காடு இல்லைதான். வவுனியாவில் இருந்து ஓமந்தை வரைக்கும் ஒரு பாலை மரம், ஒரு பனை இல்லை, வெறும் பச்சைத் தரை. ஸ்டேசன் நிற்கவேண்டிய இடத்தில் ஸ்டேசன் இல்லை, பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. சி.டி.பி.க்குள் பாதையை மட்டும் போட்டால் அப்படித்தான். இன்ன இடத்தில் இன்ன இலக்கமுள்ள மரம் என்று பாதையில் குறிப்பு இருக்கும், மரம் இருக்காது. அந்தக் கேமில் மரத்துக்கும் கட்டடத்துக்கும் எஞ்சினுக்கும் ‘குயிட்’ என்று ஆளுக்கொரு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தின் சொந்தக்காரன் கொம்பியூட்டரில் இல்லாவிட்டால் இடம் வெறுமை. எதெது இல்லை என்று கேட்டால் கேமே ஒரு பட்டியல் தரும். தந்தது. அது உருண்டுகொண்டே போனது. பாதியைத் திரும்ப இறக்கலாம், மீதி இவனே செய்த சாமான்கள்.

பிறகு ஒருநாள் பெரியக்கா போன் எடுத்தார். டியூசனுக்காக வவுனியாவில் நின்ற காலத்தில் இவன் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, “பெரியம்மா, பத்திரம்” என்றிருக்கிறான். அவர் அதைப் பத்திரமாக, காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதிகளும் இருக்கிற பெட்டிக்குள் வைத்துவிட்டார். எங்கள் ஆட்களிடம் பத்திரம் என்று சொன்னால் அந்தப் பெட்டிதான். இடம்பெயர்வுகளில் முதலில் தூக்குவதும் அதைத்தான். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீங்கள் ஸ்டேசன் எண்டுதானே தேடினீங்கள், டிஸ்க் எண்டு ஆர் கேட்டது?” என்றார்.

டிஸ்க் மறுநாள் வந்தது. அத்தான் அதைத் துவாயில் சுற்றி, முருங்கைக்காய்ப் பையின் அடியில் வைத்து, உண்மையான ரயிலில் உண்மையான வவுனியாவில் இருந்து உண்மையான கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து இறங்கினார். அதில் பெடியன் தனித்தனிப் பைலாக எடுக்காமல், கேமின் ‘யூசர்டேட்டா’ போல்டரை அப்படியே நகல் எடுத்திருந்தான். செய்த ஒரே உருப்படியான பேக்கப் அதுதான். கேமை அதே பதிப்பில் போட்டு, அதை மூடிவிட்டு, போல்டரைப் பழைய இடத்தில் வைத்து, கேம் தன் சாமான்களைத் திரும்பத் தேடிப் பதிகிற ‘டேட்டாபேஸ் ரிப்பேர்’ கொடுத்தோம். பச்சைக் கோடு ஊர்ந்தது. அந்தக் கோடு முடியும்வரை வீட்டில் ஒருவரையும் அயன் பண்ண விடவில்லை, தண்ணி மோட்டர் போட விடவில்லை. கரண்ட் போனால் அவ்வளவுதான் என்று பெடியன் வாசலில் நின்று போஸ்ட் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்தால் போகாது என்பதுபோல. அப்பா முறிகண்டிக்கு ஒரு தேங்காய் நேர்ந்தார்.

இரவு பளை வந்தது. மரங்கள், குளங்கள், சிக்னல்கள் எல்லாம். மெமரி கார்ட்டில் இருந்த செசனையும் சேர்த்ததும் ரயில்களும் வந்தன. நேர்த்திக்கடன் என்று சொல்லி அப்பா அதே இரவில் வழக்கை வென்றுவிட்டார். இப்போது எல்லா எக்ஸ்பிரஸும் முறிகண்டியில் நிற்கிறது. கச்சான் வாங்கவும் நேரம் போதும் என்கிறார்.

பெடியனுக்கும் புத்தி வந்தது. பேக்கப்பை எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு கொம்பியூட்டரில் போட்டு ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, என் லப்டொப்பைக் கேட்டு வாங்கினான். போட்டான், ஓடியது, திருப்பியும் தந்தான். நேற்று அலுவலகக் கடிதம் ஒன்றைச் சேவ் பண்ணப் போனேன், டிஸ்க்கில் இடமில்லை என்கிறது. வவுனியா முதல் பளை வரைக்கும் காட்டோடு சேர்த்து என் லப்டொப்பில் குடியிருக்கிறது. அழிக்கட்டுமா என்று கேட்டேன்.

“ஐயோ மாமா, அது பேக்கப். உங்கட பைல்களை வேற எங்கையாவது எடுத்து வையுங்கோ.”