எண் போட்ட டப்பாக்கள்

ஒரு நூலகத்தின் பக்கச் சுவர். 22 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். அதில் சுவரோவியம் தீட்ட என்னை அழைத்தவர்கள், இந்தப் பகுதியில் வாழும் பலதரப்பட்ட மக்களும் அதில் தெரிய வேண்டும் என்றார்கள். வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

நான் முதலில் வரைந்து கொண்டுபோனது பூமி உருண்டையும் அதைச் சுற்றிக் கோத்த கைகளும். கூட்டத்தில் யாரும் குறை சொல்லவில்லை, யாரும் பக்கத்தில் வந்து உற்றுப் பார்க்கவும் இல்லை. அன்றிரவே அதைத் தூக்கி வைத்துவிட்டேன். அந்த நூலகத்துக்குள் தினமும் நுழையும் 40 பேரை அவரவர் முகத்தோடு வரைவது என்று முடிவானது. படிக்க வருகிற பிள்ளைகள், தாத்தாக்கள், காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா, எல்லோரும்.

40 முகம் என்றால் 40 தோல் நிறம். பல ஆண்டுகள் இந்த வேலை பார்த்தும் அதுவரை இதை நான் முழுதாக யோசித்ததில்லை. கையில் இருக்கும் இரண்டு மூன்று கலவையைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். வண்ணம் விற்பவர்களும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தார்கள். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ஒரு வெளிர் நிற மெழுகு வண்ணக் குச்சிக்கு ‘தோல் நிறம்’ என்றே பெயர் வைத்து விற்றது. 1962-இல்தான் அதைப் ‘பீச்’ என்று, ஒரு பழத்தின் பெயருக்கு மாற்றியது. பெயர் மாறிவிட்டது, சரி. ஆனால் அந்தக் குச்சியைப் பிடித்துப் பழகிய கை அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. என் கையும் அதில் ஒன்று.

துப்புரவு செய்யும் அம்மாவைத்தான் முதலில் வரைந்தேன். மதிய நேரம் ஓய்வாக வந்து உட்கார்ந்தார். முழங்கையை நீட்டச் சொல்லி, பக்கத்திலேயே தட்டை வைத்துக் கலந்தேன். பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பு, செங்காவி, கொஞ்சம் மஞ்சள் காவி, நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம். கறுப்பைத் தொடவே கூடாது. கருத்த தோலுக்குக் கறுப்பைக் கலந்தால் உயிர் போய்ச் சாம்பல் பூத்துவிடும். அரை மணி நேரம் கழித்துத் தூரிகையை அவர் கைக்குப் பக்கத்தில் பிடித்தபோது எங்கே வண்ணம் முடிகிறது, எங்கே கை தொடங்குகிறது என்றே தெரியவில்லை. “அப்படியே என் கை” என்று சிரித்தார். கன்னம், நெற்றி, கழுத்து எல்லாம் அன்று மாலைக்குள் பூசி முடித்தேன்.

மறுநாள் காலை நான் சாரம் ஏறும்போது அவர் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “நேத்து நான் இருந்தேன். இன்னைக்கு வேற யாரோ இருக்காங்க, பாரும்மா.”

முகம் இரண்டு படி கருத்திருந்தது. நான் பூசிய அக்ரிலிக் வண்ணம் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பிசின் பால் மாதிரி வெண்மையாக இருக்கும். அந்த வெண்மை கலந்த நிறத்தைத்தான் நம் கண் பார்க்கிறது. காய்ந்ததும் பிசின் கண்ணாடி போலத் தெளிந்துவிடும், உள்ளே இருக்கும் நிறம் தன் முழு அடர்த்தியில் வெளியே வரும். வெள்ளை அதிகம் சேர்ந்த கலவையில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அடர்ந்த நிறங்களில்தான் நன்றாகத் தெரியும். அப்படியென்றால், இந்தக் கவனக்குறைவின் பாரம் முழுவதும் கருத்த தோல் உள்ளவர்கள் மேல்தான் விழும். இத்தனை நாள் நான் வரைந்த சுவர்களில் எத்தனை பேர் மேல் விழுந்ததோ.

அன்று நான் செய்த அடுத்த காரியம்தான் இன்னும் உறுத்துகிறது. அவருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, கேட்காமலே, வெள்ளையும் காவியும் கூட்டி முகத்தைத் தேவைக்கு மேலேயே வெளுத்து வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தவர் முகம் இறுகிவிட்டது. “நான் வெளுப்பா ஆக்கச் சொன்னேனா? என் நிறத்தைத்தானே கேட்டேன்?”

கருத்துப்போனது வண்ணத்தின் குணம். வெளுத்தது என் மனதில் இருந்த எண்ணம். இரண்டையும் அவர் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். “சரி, நாளைக்கு மறுபடி உட்கார்றேன்” என்றார்.

அப்புறம் முறையை மாற்றினோம். ஒவ்வொரு கலவையையும் கெட்டி அட்டையில் பூசி, ஓர் இரவு காயவிட்டு, அந்த அட்டையை அவரவர் முழங்கையோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். நிழலில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை. ஒத்துப்போனால் அட்டைக்கு ஓர் எண். அந்த அம்மாவுக்கு நான்காவது அட்டையில்தான் சரியாக அமைந்தது. அவர் எண் 23.

பிரேசிலைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஆஞ்செலிகா டாஸ் 2012-இல் தொடங்கிய ஒரு தொடர் உண்டு. ஒருவரைப் படமெடுத்து, மூக்கின் மேலிருந்து ஒரு சிறு துணுக்கு நிறத்தை எடுத்து, படத்தின் பின்னணி முழுக்க அதையே நிரப்பி, அச்சுத் தொழிலில் நிறங்களைக் குறிக்கப் புழங்கும் பேன்டோன் எண்ணைக் கீழே போடுவார். உண்மையில் யாரும் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை என்பது அந்த வரிசையைப் பார்த்தால் விளங்கும். எங்கள் அட்டைகளை மேசையில் பரப்பியபோது எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது. 31 அட்டைகள். சில எண்களில் இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு 17-ம் 20-ம். ஒரு தாத்தாவுக்குப் புறங்கைக்கு ஓர் எண், உள்ளங்கைக்கு வேறு. அத்தனையும் அதே ஐந்தாறு குடுவைகளிலிருந்து வந்தவைதான்.

ஊர் கூடி வண்ணம் பூசிய அன்று, மூடி போட்ட டப்பாக்களில் அந்த எண்களை எழுதி வரிசையாக வைத்தோம். சுவரில் கோடு போட்டு உள்ளே எண் குறித்திருந்தோம். தூரிகையே பிடிக்காதவர்களும் எண்ணைப் பார்த்து நிரப்பலாம். லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடித் பாக்கா 1976-இல் தீட்டத் தொடங்கிய சுவர் கிட்டத்தட்ட அரை மைல் நீளம். 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் பல கோடைகளில் உழைத்துத் தீட்டியது. அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், ஒரு சுவரைப் பலர் சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். 23-ஆம் டப்பாவை எடுத்து அந்த அம்மாவின் கன்னத்தை நிரப்பியது, 4-ஆம் எண் அட்டைக்காரப் பையன். கோட்டுக்கு வெளியே போய்விடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினான். அவர் கீழே நின்று, “மெதுவா, மெதுவா, காதுகிட்ட விட்டுட்ட பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆறு வருடம் கழித்துப் பராமரிப்புக்காக அங்கே போனேன். வெயில் தன் வேலையைச் செய்திருந்தது. உடைகளுக்குப் பூசியிருந்த பளிச்சென்ற இளஞ்சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் பாதிக்கு மேல் வெளிறிவிட்டன. முகங்கள் மட்டும் அப்படியே இருந்தன. காவியும் அம்பரும் மண்ணிலிருந்து வருபவை. அவற்றின் நிறத்துக்கு முக்கியக் காரணம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஏற்கெனவே துருப்பிடித்து முடித்த இரும்பில் வெயில் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்களில் ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் பூசியதும் இந்தக் காவிதான்.

உடைகளுக்கு மறுபூச்சு கொடுத்தோம். முகங்களைத் துடைத்ததோடு சரி. கிளம்புமுன் பெட்டியிலிருந்து 23-ஆம் அட்டையை எடுத்து, சாரத்தில் ஏறி, அந்தக் கன்னத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அட்டையின் விளிம்பு தெரியவில்லை.