கணுவுக்கு ஏற்ற செயின்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் விறகுக் கிடங்கின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில், மரம் அறுக்கும் பவர் சா இயந்திரத்துக்குப் பல் வைத்த செயின் வாங்குவதை யோசிக்க வேண்டிய காரியமாகவே நான் கருதவில்லை. செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் நீளம், செயின் கண்ணிகளின் இடைவெளியைக் குறிக்கும் பிட்ச், பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன் ஆகிய மூன்றும் பொருந்தினால் போதும் என்பது என் எண்ணம். எங்கள் இயந்திரத்துக்கு அவை முறையே 18 அங்குலம், 3/8 அங்குலம், 1.5 மி.மீ. பல்லின் வடிவம் என்று நான்காவதாக ஒன்று உண்டு என்பதை ஒரு மழைக்காலம் முழுக்கத் தவறு செய்த பிறகே தெரிந்துகொண்டேன்.

நான் வாங்கியது ஃபுல் சிசல் வகை. அதன் பல்லின் மேற்பரப்பும் பக்கவாட்டுச் சுவரும் சந்திக்கும் மூலை சதுரமாக, ஊசி போன்ற முனையோடு இருக்கும். ஈரம் காயாத கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) நேரான அடிமரத்தில் அது இறங்கிய வேகத்தைப் பார்த்துவிட்டு, செலவழித்த பணம் வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன். ஆனால் கிடங்குக்கு வந்ததில் பெரும்பகுதி கற்பூர மரமன்று. தேயிலைக்கு நிழல் தந்து முதிர்ந்த சில்வர் ஓக். நிழல் கூடிவிடாமல் இருக்க ஆண்டுதோறும் கிளை கழிக்கப்படும் மரம் அது. கழித்த ஒவ்வொரு கிளையின் அடியும் மரத்துக்குள் கணுவாகப் புதைந்து கிடக்கும். நேரான பகுதியைப் பிளைவுட்டுக்கென்று வியாபாரி எடுத்துக்கொள்ள, முண்டும் முடிச்சுமாக மிஞ்சுவது கொழுந்து உலர்த்தும் அடுப்புக்காக எங்களிடம் வந்து சேரும்.

ஒரு டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் செயின் மழுங்கியது. செதில் செதிலாகத் தெறிக்க வேண்டிய மரத்தூள் மாவாகக் கொட்டியது. பாரைக் கையால் அழுத்த வேண்டியிருந்தது. வெட்டுவாயிலிருந்து கருகல் வாடை எழுந்தது. இருபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்த இயந்திரக்காரரிடம், அரம் போடுவதில் அவருக்குக் கவனம் போதவில்லை என்று சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. அப்படிச் சொன்னதற்காக இன்றும் எனக்குக் கூச்சமுண்டு.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேட்டை ரேக்கர் என்பார்கள். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். பல்லின் முனையைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டிய அதை, வேகம் கூடட்டும் என்று இன்னும் ஆழமாக ராவச் சொன்னேன். நேரான மரத்தில் வேகம் கூடியது உண்மைதான். மறுநாள் ஒரு கவைக்கட்டையை அறுக்கையில், பாரின் நுனியின் மேல்பகுதி உள்ளிருந்த கணுவைத் தொட்டது. அளவுக்கு மீறிக் கடித்த பல் அதில் சிக்க, இயந்திரம் அவர் தோளை நோக்கித் துள்ளியது. செயினைச் சட்டென நிறுத்தும் பிரேக் விழுந்ததால் காயமில்லை. இயந்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை தன் தகரப் பெட்டியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பழைய செயின் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, “ஐயா, மூலையைத் தடவிப் பாருங்க” என்றார். மூலை உருண்டிருந்தது. தேய்ந்ததனால் அல்ல, செய்யப்பட்டதே அப்படி. செமி சிசல் என்பது அதுதான். பிறகு என் புதுச் செயினை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. என் செயினிலோ ஒவ்வொரு பல்லின் மூலையிலும் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னியது. கணுவில் மரத்தின் ஓட்டம் குறுக்கே திரும்பி, சுற்றியுள்ள மரத்தைவிட இறுகியிருக்கும். அந்த அடியை முதலில் வாங்குவது சதுர மூலையின் மெல்லிய முனை. அது போய்விட்டால் பல்லின் மற்ற பகுதி கூராக இருந்தும் பயனில்லை. உருண்ட மூலையில் தேய்மானம் பரவிவிடுவதால் கூர் நீடிக்கிறது. இழுத்து வந்த கட்டைகளின் பட்டையில் ஒட்டிய செம்மண்ணையும் அதுவே கூடுதலாகத் தாங்கும்.

இன்றைய செயின் பல்லின் வடிவமே, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வண்டுப் புழுவொன்று கட்டையை இடமும் வலமுமாக அரித்துச் செல்வதை 1946-இல் கவனித்ததிலிருந்து பிறந்தது. எங்கள் கிடங்கில் புழு அரித்த கட்டைகளுக்குக் குறைவில்லை. மட்டமான விறகென்று ஒதுக்கியதைத் தவிர நாங்கள் அவற்றைக் கவனித்ததில்லை.

செமி சிசலுக்கு மாறியபின், சுத்தமான மரத்தில் வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அரம் எடுக்கும் தடவைகள் குறைந்ததால், மாலையில் அடுக்கின் உயரம் கூடியே இருந்தது. பல்லை 30 பாகையில் ராவி, ரேக்கரை அளவுத் தகடு வைத்துச் சரிபார்ப்பதை வழக்கமாக்கினோம். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த செயினையும் விசாரித்தேன். விலையைத் தவிர, அதைத் தீட்ட வைரச் சக்கரம் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஃபுல் சிசலைத் தூக்கி எறியவில்லை. இரண்டும் அதே தகரப் பெட்டியில் இருந்தன. அடையாளத்துக்குச் சதுர மூலைச் செயினில் மட்டும் அவர் சிவப்பு நூல் கட்டியிருந்தார். புதிய லோடு வந்து இறங்கும்போது அவர் ஒவ்வொரு கட்டையாகக் காலால் புரட்டிப் பார்ப்பார். அதன் பிறகே பெட்டியைத் திறப்பார்.