ஸ்பான்சர் நடக்கும்போதே விசிட்டர் விசா: கனடாவில் கணவரிடம் போய்ச் சேர்ந்த அனுபவம்

கல்யாணம் முடிந்ததும் நான் மதுரையில், அவர் கனடாவின் பிராம்டனில். அவர் அங்கே பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர்; குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. அப்படிப்பட்டவர் மனைவியை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளப் போடுவதுதான் ஸ்பான்சர் விண்ணப்பம். எங்களைப் போன்றவர்களுக்கு ஊரில் தவறாமல் ஓர் அறிவுரை கிடைக்கும்: "விசிட்டர் விசா போடும்போது ஸ்பான்சர் பத்தி மூச்சே விடாதீங்க. அங்கேயே தங்கிடுவீங்கன்னு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க." சொந்தக்காரர்களும் சொன்னார்கள், ஒரு டிராவல் ஏஜென்ட்டும் அடித்துச் சொன்னார். எனக்கு விசா கிடைத்ததோ, எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான்.

ஸ்பான்சர் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு முறை விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். மறுப்புக் கடிதம் வந்தது. தங்கும் காலம் முடிந்ததும் கனடாவை விட்டுக் கிளம்புவேன் என்ற நம்பிக்கை வரவில்லை என்றும், கனடாவில் உள்ள குடும்பப் பிணைப்பு ஒரு காரணம் என்றும் போட்டிருந்தார்கள். கனடாவின் குடிவரவு விதிமுறைகளில் இதற்கான விதி 179(பி) என்ற எண்ணை அதில் பார்ப்பீர்கள். மறுப்பு வாங்கிய பலருடைய கடிதத்திலும் அதே எண்தான் இருக்கும். கடிதத்தில் இரண்டு வரிதான் இருந்தது என்பதால், அதிகாரி உள்ளே எழுதி வைத்த குறிப்பைக் கேட்டு வாங்கினோம். கனடாவில் இருந்த கணவர் மூலம் கேட்டோம், கட்டணம் 5 டாலர். நான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப, அவர் வாங்கினார். புதுமணப்பெண், கணவர் அங்கே, திரும்பி வரக் காரணம் போதவில்லை. குறிப்பின் சாரம் அவ்வளவுதான்.

அப்புறம் 2024-இல் ஸ்பான்சர் விண்ணப்பம். கனடாவுக்கு உள்ளிருந்து போடும் பிரிவு, வெளியிலிருந்து போடும் குடும்பப் பிரிவு என்று இரண்டு உண்டு. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மறுத்தால் மேல்முறையீட்டு உரிமை இதில்தான் இருக்கிறது. நடுவில் ஊருக்கு வந்து போகவும் தடையில்லை. அப்போது மொத்தக் கட்டணம் 1,205 கனேடிய டாலர், கைரேகைக்குத் தனியாக 85. கணவன் மனைவியை ஸ்பான்சர் செய்ய, பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் காட்டத் தேவையில்லை. மூன்று வருடம் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே. பி.ஆர். வைத்திருப்பவர் ஸ்பான்சர் செய்யும் காலத்தில் கனடாவில்தான் வசிக்க வேண்டும். அவர் வந்து என்னோடு மாதக்கணக்கில் மதுரையில் இருப்பது நடக்காத காரியம். நான்தான் போக வேண்டும்.

ஐ.எம்.எம். 5532 என்று ஒரு படிவம். எங்கே சந்தித்தீர்கள், உறவு எப்படி வளர்ந்தது, குடும்பத்தில் யாருக்கெல்லாம் தெரியும் என்றெல்லாம் கேட்கும். எங்கள் விஷயத்தில் எங்களுக்கு முன்பே குடும்பத்துக்குத்தான் தெரியும்! ஜாதகம் பார்த்தது, பெண் பார்க்க வந்தது, நிச்சயதார்த்தம் என்று வரிசையாக எழுதினோம். இரண்டாம் முறை பேசுவதற்குள் எப்படி நிச்சயம் ஆனது என்பது வெளிநாட்டு அதிகாரிக்குப் புதிராக இருக்கலாம் என்பதால், எங்கள் பக்கத்து வழக்கத்தை ஒரு பத்தியில் விளக்கினேன். கல்யாண ஆல்பம் முழுவதையும் ஏற்றுவதில் பயனில்லை. இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்கள், பணம் அனுப்பிய விவரம், மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் வாட்ஸ்அப் உரையாடல் போதும் என்பது என் கருத்து.

விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகை, அதாவது எல்லோரும் ஏ.ஓ.ஆர். என்று சொல்வது, வந்ததும் மறுபடி விசிட்டர் விசா. கைரேகை பத்து வருடம் செல்லும் என்பதால் இந்த முறை 100 டாலர் மட்டும். கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதினேன்: என் கணவர் என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறார், விண்ணப்ப எண் இது, முடிவு வரும்வரை அவரோடு இருக்க விரும்புகிறேன், தற்காலிக அனுமதி முடிந்து நீட்டிப்பும் கிடைக்காவிட்டால் திரும்பி விடுவேன். கனடாவின் குடிவரவுச் சட்டம் பிரிவு 22(2), நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர் தற்காலிகமாக வருவதற்கு அந்த நினைப்பே தடையாகாது என்கிறது. இதை டூயல் இன்டென்ட், அதாவது இரட்டை நோக்கம் என்பார்கள். 2023 மே மாதத்தில், துணைவர்களின் விசிட்டர் விசாவைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் முடிப்பதாக அரசே அறிவித்தது. ஸ்பான்சர் விவரம் எப்படியும் விசா கொடுக்கும் அதே குடிவரவுத் துறையின் கையில் இருக்கிறது. அதை மறைத்து, பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை. அந்த ஏஜென்ட்டா வந்து நமக்காக நிற்கப் போகிறார்?

அதோடு அவருடைய சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், வரி மதிப்பீட்டு அறிக்கை, அழைப்புக் கடிதம். என் பக்கம் பள்ளியில் கொடுத்த விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு. முந்தைய மறுப்பையும் குறிப்பிட்டு, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று எழுதினேன். பாஸ்போர்ட்டைச் சென்னை விசா மையத்தில் கொடுக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தபோது அம்மாதான் முதலில் அழுதார்.

டொரண்டோ விமான நிலையத்தில் கேட்டதற்கும் அதே பதில்தான் சொன்னேன். முத்திரையில் தேதி எழுதாவிட்டால் ஆறு மாதம் தங்கலாம். விசிட்டருக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியார் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

அடுத்தது ஒர்க் பெர்மிட். குடும்பப் பிரிவில் விண்ணப்பித்து, செல்லுபடியாகும் அந்தஸ்தோடு கனடாவில் ஸ்பான்சருடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் 2023-இலிருந்து ஓபன் ஒர்க் பெர்மிட், அதாவது குறிப்பிட்ட ஒரு முதலாளியோடு கட்டிப்போடாத வேலை அனுமதி உண்டு. 255 டாலர். 2025 ஜனவரியில் வந்த கெடுபிடி, அங்கே மாணவராகவோ தற்காலிகத் தொழிலாளியாகவோ இருப்பவரின் துணைக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "இப்பல்லாம் குடுக்கறதில்லையாம்" என்று என்னிடமே பலர் சொன்னார்கள்.

ஆறு மாதம் முடிவதற்குள் இந்த பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை விசிட்டராகச் சட்டப்படி தங்கலாம். ஆனால் வேலை செய்யக் கூடாது. தெரிந்தவர் கடையில் பணமாக வாங்கிக்கொண்டு நிற்கலாம் என்று யாராவது கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

நான் ஆசிரியை என்பதால் இன்னொரு விஷயம். மருத்துவப் பரிசோதனை முடிக்காமல் பெர்மிட் வாங்கினால், பள்ளி, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்யக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டு வரக்கூடும். ஸ்பான்சருக்காக எடுத்த பரிசோதனையின் எண்ணை இதிலும் கொடுத்தேன். தடை வரவில்லை. இப்போது ஒரு காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். ஒரு வருடத்துக்குக் கீழே இருந்தால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.